வெற்றி இரவும் மறுநாள் காலையும்

முத்தையாபுரத்திலுள்ள இளந்தோழர்கள் சிலர் சமீபத்தில் நம்மிடம் வந்து, "அய்யா, 1967-ம் வருஷத்து எலெக்ஷன் முடிவு வந்த இரவில் தாங்கள் இந்த ஊரில் இருந்ததாகச் சொல்லுகின்றார்கள். அன்று ஜனங்கள் அடைந்த சந்தோஷத்தைப் போல் பிறகு எந்தத் தேர்தலிலும் கண்டதில்லை என்றும் சொல்லுகின்றார்கள். அதைப் பார்த்தவர் என்கின்ற முறையில் தாங்கள் எழுத வேண்டும்" என்று கேட்டுக் கொண்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. அன்று அந்தத் தெருவில் நின்றவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் சிலரேயாவர். ஆனால், கண்டதை மாத்திரம் எழுதிவிட்டு, கண்டதனால் ஏற்பட்ட அபிப்பிராயத்தை மறைத்து வைப்பது யோக்கியமான காரியமாகாது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றோம்.

அக்காலத்து முத்தையாபுரத்தை இன்றைய வாலிபர்கள் மனத்தில் எண்ணிப் பார்ப்பதுகூடக் கஷ்டமாகும். தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர் போகும் ரோட்டில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் பனையுமாக இருந்த ஊர் அது. உரத் தொழிற்சாலை வரவில்லை. அனல் மின்நிலையம் வரவில்லை. புதுத் துறைமுகத்துக்கு 1964-ல் அடிக்கல் நாட்டி வேலை நடந்து கொண்டிருந்தது. அது பெரிய துறைமுகமென்று பெயர் பெற்றது 1974-ல்தான். ஜில்லாவும் திருநெல்வேலி ஜில்லாவேயொழியத் தனி ஜில்லா அல்ல. முத்துக்குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்று போயிற்று. ஆகவே, ஊர் ஜனங்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு உப்பளந்தான். பின்னிரவில் எழுந்து, வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி, காலைப் புண்ணாக்கிக் கொண்டு கூலி வாங்கும் பிழைப்பு அது.

நமது தகப்பனாரும் அந்த அளத்துக் கூலிக்காரர்தான். அவர் பெரியாரின் பேச்சைக் கேட்டுச் சுயமரியாதைக்காரரானவர். 1948-ல் புரோகிதனில்லாமல், மந்திரமில்லாமல், பத்துத் தோழர்கள் முன்னிலையில் மாலை மாற்றி நமது தாயாரை மணந்தவர். அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1950-களில் சென்னை ஐக்கோர்ட்டு தீர்ப்பே கூறிவிட்டது. அதாவது, சர்க்கார் கணக்கில் நமது தாயார் மனைவியுமல்ல. நாம் முறையான பிள்ளையுமல்ல. உறவினர் வீட்டுச் சண்டைகளில் இந்தச் சங்கதியை நமது முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டியவர்கள் உண்டு.

நிற்க, 1967-ம் வருஷத் தேர்தலில் பெரியார் அவர்கள் காமராசரை ஆதரித்தார் என்பதும், காங்கிரசுக்கே ஓட்டளிக்கும்படி பிரசாரம் செய்தார் என்பதும் எல்லோரும் அறிந்ததே. காமராசர் 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாயிருந்து ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்ததும், மத்தியானச் சோறு போட்டதுமே அதற்குக் காரணம். நாமும் அந்தச் சோற்றை உண்டு படித்தவர்களேயாவோம். ஆகவே நமது வீடு காங்கிரசுக்கு ஓட்டளித்த வீடு. நமக்கு மாத்திரம் ஓட்டில்லை. அப்பொழுது 21 வயது ஆனவருக்கே ஓட்டு. நமக்கோ வயது 17. (18 வயது என்று ஆனது 1989-ல்தான்.)

எனவே, ஜெயித்தவர்கள் கொண்டாடிய இரவைத் தோற்ற வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தவர்கள் நாம் என்பதை வாசகர்கள் ஆரம்பத்திலேயே தெரிந்து கொள்ள வேண்டுமென்று விரும்புகின்றோம்.

அன்றிரவு

அது பிப்ரவரி மாதக் கடைசி. அப்பொழுது இயந்திரத்தில் பொத்தானை அமுக்கும் முறை இல்லை. காகிதச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கவிழ்த்துக் கையால் பிரித்துக் கட்டுக்கட்டாக எண்ணுவார்கள். ஆகையால் முடிவுகள் பகலெல்லாம் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக வந்து கொண்டிருந்தன. ஊரிலிருந்த ரேடியோக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று ரோட்டோரத்து டீக்கடையிலிருந்தது. கடைக்காரர் அதைப் பலகைமேல் தூக்கி வைத்துவிட்டார். கடைக்குள் இடமில்லாமல் ஜனங்கள் ரோட்டில் நின்றார்கள். ரோட்டில் இடமில்லாமல் வண்டிகளின் மேலும் உப்பு மூட்டைகளின் மேலும் ஏறி நின்றார்கள்.

அவர்கள் ஏன் அவ்வளவு ஆத்திரத்தோடு நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அரிசி கிடைக்கவில்லை. கிடைத்த அரிசி கையில் இருக்கும் கூலிக்கு எட்டவில்லை. ரேஷன் கடை வாசலில் பெண்கள் வெயிலில் நின்று வெறும் பையோடு திரும்பினார்கள். 1965-ல் இந்தியை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தபோது அவர்கள்மீது தடியும் துப்பாக்கியும் பாய்ந்ததை ஒருவரும் மறக்கவில்லை. இந்த இரண்டு காரணங்கள் போதாதா? எந்த ஊர்க் கூலிக்காரனும் எந்த ஊர்த் தகப்பனும் ஆத்திரப்படத்தக்க காரணங்களே இவை.

ஒவ்வொரு முடிவும் வர வர, ரோட்டில் சத்தம் கூடிற்று. முதல் மந்திரி பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார் என்றவுடன் வெடி வெடித்தார்கள். ஜனவரி மாதம் குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எம்.ஜி.ஆர்., பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார் என்றவுடன் கழுத்தில் கட்டோடிருந்த அவரது சுவரொட்டியை ஒரு தள்ளுவண்டியில் வைத்து இழுத்துப் போனார்கள். கருப்புச் சிவப்புக் கொடியைத் தலைப்பாகையாகக் கட்டிக் கொண்டவர்கள், இடுப்பில் கட்டிக் கொண்டவர்கள், கொடி கிடைக்காமல் கருப்புத் துணியையும் சிவப்புத் துணியையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டவர்கள் என்று ஊரெல்லாம் அதுவாகவே இருந்தது. ஒருவருக்கொருவர் சீனியை வாயில் போட்டார்கள். பேச்சுவார்த்தையில்லாமலிருந்த பங்காளிகள் கட்டிப்பிடித்துக் கொண்டதை நமது கண்ணால் கண்டோம். அளத்து முதலாளியின் வீட்டு வாசலிலேயே கூலிக்காரர்கள் நின்று கூத்தாடினார்கள். போகச் சொல்ல அன்று யாருக்கும் தைரியமில்லை.

பிறகு விருதுநகர் முடிவு வந்தது. காமராசர், சீனிவாசன் என்கின்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார் என்று சொன்னார்கள். ஒரு நிமிஷம் ரோடே அமைதியாயிற்று. காங்கிரசை ஒழிக்க வேண்டுமென்று ஓட்டளித்தவர்களில்கூட, காமராசரே தோற்றுப் போவார் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒருவன் கூச்சலிட்டான், எல்லோரும் கூச்சலிட்டார்கள். நமது பக்கத்திலிருந்த பனையேறி ஒருவர், கிழவர், துண்டை வாயில் வைத்துக் கொண்டு அழுதார். நமக்கும் தொண்டை அடைத்தது. அதேசமயத்தில், உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நமது வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட வேண்டுமென்று காலும் துடித்தது. தகப்பனார் நமது தோளைப் பிடித்து, "ஏலே, அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். விடியட்டும், பேப்பரைப் படி" என்றார். அவருக்கும் கண் கலங்கித்தானிருந்தது.

அப்பொழுது நடந்த ஒரு சிறு சம்பவத்தைத்தான் நாம் இத்தனை வருஷமாக மறக்கவில்லை. உப்புச் சுமக்கும் பெண்கள் நாலைந்து பேர், பின்னிரவு வேலைக்குப் புறப்பட்டுத் தலையில் சும்மாடும் கையில் ஓலைப்பெட்டியுமாக அந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மூத்த அம்மாள் ஒருவர் நம்மைப் பார்த்து, "ஏய்யா, நம்ம ஆளுக செயிச்சாச்சுன்னு சொல்லுதாவளே, அப்பம் இன்னைக்கு அளத்துக்குப் போவணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக் கொண்டு அளத்துக்குப் போனார். அன்று வெடி வெடித்தவர்கள் தூங்கப் போனபோது, அவர் பாத்தியில் இறங்கி விட்டார்.

அந்த அம்மாள் கேட்ட கேள்வியைவிடப் பெரிய அரசியல் கேள்வி வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். அதைப் பற்றிப் பின்னர் எழுதுகின்றோம்.

தேங்காய் உடைத்தவர்கள்

இன்னொரு வேடிக்கையும் அன்று நடந்தது. ஜெயித்த கட்சியோ சுயமரியாதை இயக்கத்திலிருந்து பிரிந்து வந்த கட்சி. அதன் தலைவர்களோ புரோகிதத்தையும் புராணத்தையும் கண்டித்துப் பேசிப் பெயர் பெற்றவர்கள். அப்படியிருக்க, விடியுமுன் ஊர்க்கோயில் வாசலில் அக்கட்சிக்காரர்கள் சிலர் தேங்காய் உடைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள். ஒருவர், "நம்ம கட்சி ஜெயித்தால் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தேன்" என்று சொல்லி மறுநாள் தெற்கே நடந்தே போனார். தலைவரின் படத்துக்கு மாலை போட்டு, அதற்கும் சூடம் காட்டினார்கள்.

நாம் கேட்கின்றோம். அதே கோயிலில், அதற்கு முந்தின வாரம், தோற்ற கட்சிக்காரர்களும் தேங்காய் உடைத்தார்கள் அல்லவா? அவர்கள் உடைத்தது தேங்காயில்லையா? அந்தச் சாமி இவர் தேங்காயை ஏற்றுக்கொண்டு அவர் தேங்காயைத் திருப்பிக் கொடுத்ததா? தேங்காய்க்கு ஓட்டு விழுந்ததென்றால், அரிசிக்காக வெயிலில் நின்ற பெண்கள் கோபங்கொண்டு குத்திய முத்திரைக்கு என்ன மதிப்பு? தான் செய்த காரியத்தைத் தான் செய்ததாக எண்ணிக் கொள்ளத் தைரியமில்லாதவன், அதைச் சாமியின் கணக்கில் எழுதுகின்றான். சாமியில்லாதபோது தலைவரின் கணக்கில் எழுதுகின்றான். இரண்டும் ஒன்றே. இரண்டிலும் ஓட்டளித்தவனுக்கு மிஞ்சுவது சூடத்தின் புகைதான்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. அவர் கடலில் இறங்க மாட்டார். சுறா மீனின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லுவார். மூச்சை அடக்கிக் கொண்டு ஆழத்தில் இறங்கியவன் எடுத்து வந்த சிப்பியில் அவருக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள்கூட, அவரில்லாவிட்டால் குளிக்கிறவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்று இந்த வழக்கத்துக்கு இடங்கொடுத்து வந்தார்கள். சுறா வராத நாளில் மந்திரம் பலித்தது என்பார்கள். வந்த நாளில் குளித்தவனிடம் தோஷம் என்பார்கள். தேர்தலில் ஜெயித்த இரவில் மேடைமேல் ஏறி நிற்பவர்களில் எத்தனை பேர் குளித்தவர்கள், எத்தனை பேர் கடல்கட்டிகள் என்பதை வாசகர்களே கணக்குப் பார்த்துக் கொள்ளலாம்.

அது யாருடைய வெற்றி?

இப்படி எழுதுவதால் அந்த இரவின் சந்தோஷத்தை நாம் பரிகாசம் செய்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்தச் சந்தோஷம் உண்மையானது, நியாயமானது. ஏனென்று சொல்லுகின்றோம்.

இந்த ராஜ்யத்தில் 1920-ல் முதன் முதல் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது, சொத்துள்ளவர்களுக்கும் வரி கட்டுகிறவர்களுக்குமே ஓட்டு. பெண்களுக்கு அதுவுமில்லை, 1921-ல்தான் சென்னைச் சட்டசபை அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று தீர்மானித்தது. அதுவும் சொத்துடைய பெண்களுக்கே. 1937-லும் 1946-லும் ஓட்டர்களின் தொகை கூடிற்றேயொழிய, உப்பளத்துக் கூலிக்காரர்களில் பெரும்பாலோர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள். அரசியல் சட்டம் ஏற்பட்டு, 1952-ல் நடந்த தேர்தலில்தான், வயது வந்த எல்லோருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று ஆயிற்று. படித்தவனுக்கு இரண்டு, பாமரனுக்கு ஒன்று என்றில்லை. மேல்ஜாதிக்கு முன்வரிசை, கீழ்ஜாதிக்குப் பின்வரிசை என்றில்லை. அளத்து முதலாளிக்கும் ஓர் ஓட்டு. அவர் அளத்தில் உப்புச் சுமக்கும் அம்மாளுக்கும் ஓர் ஓட்டு. கோயிலில் ஒன்றாக நிற்க முடியாதவர்களும், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்களும், ஒரே பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். ஆயிரம் வருஷத்துச் சாஸ்திரம் கொடுக்காத சமத்துவத்தை ஒரு துண்டுக் காகிதம் ஒரு நாளைக்காவது கொடுத்தது.

அப்படிக் கிடைத்த ஓட்டைக் கொண்டு, சுதந்திரம் வந்தது முதல் 20 வருஷம் அசையாமல் ஆண்ட கட்சியைக் கத்தியில்லாமல், இரத்தமில்லாமல் இறக்க முடியும் என்பதை ஜனங்கள் முதன்முதலாகக் கண்ணால் கண்ட இரவு அது. அவ்வருஷம் கேரளம், மேற்கு வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா, பஞ்சாப் ஆகிய ராஜ்யங்களிலும் காங்கிரஸ் மந்திரிசபை போயிற்று. ஆனால் ஒரே கட்சி, தன் சொந்தப் பலத்தில், அதைத் தள்ளி உட்கார்ந்தது இங்கேதான். அன்று ஆடியவர்கள் தங்கள் பலத்தைத் தாங்களே கண்டு ஆடினார்கள். அதில் யாருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

"சோறு போட்ட காமராசரைத் தோற்கடித்தது நன்றிகெட்ட செய்கை அல்லவா?" என்று அன்று நமது வீட்டார் கேட்டார்கள், நாமும் வெகுகாலம் கேட்டோம். இப்பொழுது நமக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. இங்கிலாந்தில், இட்லரோடு நடந்த யுத்தத்தை ஜெயித்துக் கொடுத்த சர்ச்சிலை, யுத்தம் முடியுந் தறுவாயில், 1945 ஜூலையில், அந்நாட்டு ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது நன்றிகெட்ட தேசமென்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துச் சோறு காமராசர் தமது வீட்டுப் பத்தாயத்திலிருந்து போட்ட பிச்சையல்ல. ஜனங்களின் வரிப்பணத்தை ஜனங்களின் பிள்ளைகளுக்குச் செலவிட்ட யோக்கியமான காரியம். அவரை நாம் என்றும் மதிக்கின்றோம். ஆனால் மதிப்பு வேறு, ஓட்டு வேறு. நன்றிக்காக ஓட்டுப் போட வேண்டுமென்றால், பிறகு எஜமானுக்கும் பண்ணையாளுக்கும் உள்ள சம்பந்தமே ஆட்சிக்கும் குடிக்கும் உள்ள சம்பந்தமாகிவிடும். காமராசரே இந்தப் பேச்சை விரும்பியிருக்க மாட்டார் என்பது நமது நம்பிக்கை.

மற்றொரு கணக்கையும் பார்க்க வேண்டும். விடிந்தபின் பேப்பரைப் படி என்று தகப்பனார் சொன்னது இதற்காகத்தான். 234 ஸ்தானங்களில் தி.மு.கழகத்துக்கு 137, காங்கிரசுக்கு 51. பார்லிமெண்டுக்கு நின்ற 25 இடத்திலும் தி.மு.கழகம் ஜெயித்தது, காங்கிரசுக்கு 39-ல் மூன்றே மிஞ்சின. இதைப் பார்த்தால் ஊரே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஓட்டுக் கணக்கைப் பார்த்தாலோ, இரு கட்சிகளுக்கும் சட்டசபைத் தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 41 ஓட்டு. சொல்லப்போனால் காங்கிரசுக்கே ஓர் இம்மி கூடுதல். காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதியிலும் நின்றது, தி.மு.கழகமோ 174 தொகுதியில் மாத்திரம் நின்று, மற்றவற்றைச் சுதந்திராக் கட்சி, கம்யூனிஸ்டுகள், முஸ்லிம் லீக் முதலிய கூட்டாளிகளுக்கு விட்டது. எதிரிகளின் ஓட்டுச் சிதறாமல் ஒன்று சேர்ந்ததுதான் அந்த வெற்றியின் இரகசியமேயொழிய, ஜனங்கள் எல்லோருடைய மனமும் ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஜெயித்தவனுக்கு இந்தக் கணக்கு அடக்கத்தைக் கொடுக்க வேண்டும். தோற்றவனுக்குத் தைரியத்தைக் கொடுக்க வேண்டும். கூச்சலில் இரண்டும் காணாமற் போய்விடுகின்றன.

வரவும் செலவும்

சரி, அந்த இரவுக்குப் பிறகு என்ன வந்தது?

பதவியேற்கு முன்னரே அண்ணாதுரை அவர்கள் திருச்சிக்குப் போய், தேர்தலில் தம்மை எதிர்த்த பெரியாரைக் கண்டார். மார்ச்சு 6-ந் தேதி மந்திரிசபை ஏற்பட்டது. அவ்வருஷமே சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று சட்டசபையில் மசோதா நிறைவேற்றி, 1968 ஜனவரியில் அதை அமுலுக்குக் கொண்டு வந்தார்கள். இனி நடப்பவை மாத்திரமல்ல, முன்பு நடந்தவையும் செல்லும் என்று அச்சட்டம் கூறிற்று. நமது தாயாரிடம் தகப்பனார் அந்தப் பேப்பரைப் படித்துக் காட்டியபோது நாம் அருகிலிருந்தோம். அவர் எந்தக் கட்சிக்கு எதிராக ஓட்டளித்தாரோ அந்தக் கட்சிதான் அவர் மனைவியை மனைவி என்றது. "நான் போட்ட ஓட்டுத் தப்பாகவே இருக்கட்டும், இவர்கள் செய்த காரியம் சரி" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். ஓட்டளித்தவன் எல்லோரும் இப்படிச் சொல்லக் கற்றுக் கொண்டால் எந்தக் கட்சியும் நாட்டைக் கெடுக்க முடியாது. இரு மொழிக் கொள்கைத் தீர்மானம் 1968 ஜனவரியில் வந்தது. 1969 ஜனவரியில் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயராயிற்று. இவையெல்லாம் வரவு.

ஆனால் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று மேடைதோறும் சொன்னார்களே, அது என்னவாயிற்று? அந்த நிச்சயமான ஒரு படி, சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. முத்தையாபுரத்துக்கு வரவில்லை. பணமில்லையென்று பிறகு அங்கும் நின்று போயிற்று. 1968 டிசம்பர் 25-ந் தேதி, தஞ்சை ஜில்லாக் கீழ்வெண்மணியில், அரைப்படி நெல் கூலி கூடுதலாகக் கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளில் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலச்சொந்தக்காரர்களை ஐக்கோர்ட்டு பிறகு விடுதலை செய்தது. அந்தக் கூலிக்காரர்களும் 1967-ல் ஆளுக்கு ஓர் ஓட்டு உடையவர்களே. ஓட்டுப் பெட்டியிடம் சமமாயிருந்தவர்கள் களத்து மேட்டில் சமமாயில்லை. இவையெல்லாம் செலவு.

உப்புச் சுமந்த அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். மழைக் காலத்தில் அளத்தில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று சர்க்கார் கொடுக்க ஆரம்பித்தது 2022-ல். அதாவது அந்த இரவுக்கு 55 வருஷத்துக்குப் பிறகு. இதற்கிடையில் எத்தனை வெற்றி இரவுகள் வந்து போயின! எத்தனை கட்சிக் கொடிகள் இந்த ரோட்டில் ஆடின! ஒவ்வொரு இரவிலும் வெடி வெடித்தோம். விடிந்தபின் அந்த அம்மாளைப் போல் அளத்துக்குப் போனோம். போகும்போது கணக்குக் கேட்கத்தான் மறந்து போனோம்.

சிப்பியும் முத்தும்

முத்துக்குளிப்பில் இன்னொரு வழக்கம் உண்டு. எடுத்து வந்த சிப்பியைத் திறந்து பார்த்து விற்பதில்லை. மூடிய சிப்பியாகவே, ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவன் அன்றிரவு பெரிய பணக்காரனைப் போல் தூங்குவான். ஆனால் சிப்பியை நாட்கணக்கில் அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு, கழுவிச் சலித்துப் பார்த்த பிறகுதான் முத்து இருக்கிறதா, வெறும் ஓடுதானா என்று தெரியும். தேர்தலில் ஜெயித்த இரவு என்பது சிப்பி ஏலம் எடுத்த இரவேயாகும். அன்று சந்தோஷப்படுவதில் தவறில்லை. ஆனால் கழுவிப் பார்க்காமல் போகிறவன், முத்து இருந்தாலும் அதை வேறொருவன் கையில் விட்டுவிட்டுப் போகிறான்.

கழுவிப் பார்ப்பது இலேசான காரியமல்ல. 2016 மே மாதத்தில் இந்த ஊர் ஜனங்கள் ஓட்டளித்தார்கள். இரவில் வெடி வெடித்தார்கள். இரண்டு வருஷங்கழித்து, 2018 மே 22-ந் தேதி, தாமிர ஆலையின் புகையையும் தண்ணீரையும் பற்றி நூறாவது நாளாகக் கேள்வி கேட்டு, கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். போலீசார் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அதை விசாரித்த கமிஷன் 2022-ல் போலீசார்மீது குற்றங்கண்டு அறிக்கை கொடுத்தது. ஓட்டுக் கேட்க வரும்போது கும்பிட்ட கை, கணக்குக் கேட்கப் போகும்போது துப்பாக்கி பிடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? ஆகவே கணக்குக் கேட்பது ஒரு நாள் உற்சாகத்தால் ஆவதல்ல. ஊர் ஒன்று கூடி, வருஷத்தில் 365 நாளும், எந்தக் கட்சி ஆண்டாலும் செய்ய வேண்டிய காரியம் அது.

இதிலே இன்னொரு பெரிய ஆபத்தும் சேர்ந்துவிட்டது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மிதமிஞ்சிப் போனதால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2019-ல் வேலூர் பார்லிமெண்டுத் தொகுதியிலும் குறித்த நாளில் தேர்தலே நடக்கவில்லை. கொடுப்பவன் அயோக்கியன் என்பதில் சந்தேகமில்லை. வாங்குகிறவனிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். சந்தையில் மாட்டை விற்றுப் பணம் வாங்கியவன், மறுநாள் வாங்கினவன் வீட்டுக்குப் போய், "மாட்டுக்குத் தீனி போட்டாயா?" என்று அதட்ட முடியுமா? விற்றது விற்றதுதான். பிறகு ஐந்து வருஷத்துக்கு அந்த மாடு அவனுடையது.

இளந்தோழர்களுக்கு

ஆகவே, அந்த இரவைப் பற்றிக் கேட்ட முத்தையாபுரத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லிக் கொள்வது இதுதான். அப்படிப்பட்ட இரவு உங்களுக்கும் வரும். வரும்போது வீட்டுக்குள் இருக்காதீர்கள், தெருவுக்கு வாருங்கள். பங்காளியைக் கட்டிப்பிடியுங்கள். சீனியை வாயில் போடுங்கள். நீங்கள் ஜெயித்தால் தோற்றவன் வீட்டு வாசலில் வெடி வெடிக்காதீர்கள். அவன் பக்கமும் நூற்றுக்கு நாற்பது பேர் இருக்கக்கூடும். தோற்றால் திண்ணையிலிருந்து பாருங்கள்; தோற்றவன் பார்த்ததும் ஒரு சாட்சியமேயாகும். எந்தப் படத்துக்கும் சூடம் காட்டாதீர்கள். எந்தக் கோயிலுக்கும் அந்த வெற்றியை எழுதி வைக்காதீர்கள். அது உங்கள் விரல் செய்த காரியம்.

விடிந்தபின், அந்தக் கட்சி கொடுத்த வாக்குறுதிகளை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, வரவுக்கு ஒரு பக்கமும் செலவுக்கு ஒரு பக்கமும் விட்டு, டீக்கடைச் சுவரில் ஒட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் கூடி அதை நிரப்புங்கள். அதை நிரப்பும்போது பின்னிரவில் உப்புச் சுமக்கப் போகும் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அத்தை, இந்த வருஷம் உங்களுக்கு என்ன வந்தது?" என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லுவதை அப்படியே எழுதுங்கள். 1967-ல் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு நாமெல்லாம் சிரித்தோம். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம் என்று அன்று நமக்குத் தெரியவில்லை.